ஔவையார் அகப்படாத பட்டியல்: இந்திய நூலகர்களும் நூறாண்டுக் கருவிகளும்

கறையானும் வெள்ளமும் தின்றால்தான் ஒரு நூல் தொலையும் என்பதில்லை. அலமாரியில் பழுதின்றி நிற்கும் நூலும் பட்டியலில் பிழையாகப் பதியப்பட்டால் தொலைந்த நூலே ஆகும். நூலகம் ஒன்றின் இணையவழிப் பட்டியலில் 'ஔவையார்' என்று தட்டச்சு செய்யும் வாசகருக்குப் பதிவு ஏதுமில்லை என்ற விடை வரலாம். நூல் இருக்கிறது, பதிவும் இருக்கிறது. ஆனால் பதிந்தவர் 'ஔ' என்னும் உயிரெழுத்தை இடாமல், 'ஒ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இந்திய நூலகங்களுக்குள் புதிய கருவிகள் நுழைந்த கதை பெரும்பாலும் மென்பொருள்களின் பெயர்களாலும் அவை வெளிவந்த ஆண்டுகளாலுமே எழுதப்படுகிறது. பட்டியல் மேசையில் அமர்ந்திருந்த நூலகரின் பக்கமிருந்து அதே கதையைப் படித்தால் வேறொன்று புலப்படும். அட்டை, பகுப்புமுறை, கணினி, இணையம் என எது வந்தாலும், அது முதலில் ஆங்கில நூலுக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்தது. அதை இந்திய மொழி நூலுக்கும் பொருந்தச் செய்யும் வேலை, பணியில் இருந்தபடியே அக்கருவியைக் கற்றுக்கொண்ட நூலகரிடம் விடப்பட்டது. அந்த வேலை எங்கெல்லாம் நடந்ததோ அங்கெல்லாம் நூல்கள் வாசகரைச் சென்றடைந்தன. நடவாத இடங்களில் அவை இருந்தும் இல்லாதவையாயின.

1. அட்டை வந்த காலம்

1906-இல் அமெரிக்கா சென்ற பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், அங்கிருந்த பொது நூலகங்களால் பெரிதும் ஈர்க்கப்பட்டார். 1910-இல் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற அமெரிக்க நூலகரைத் தம் சமஸ்தானத்துக்கு வரவழைத்தார். அடுத்த ஆண்டே பரோடாவில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. 1915-இல் மெல்வில் டியூயியின் மாணவரான ஆசா டான் டிக்கின்சன் லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து மற்றொரு வகுப்பைத் தொடங்கினார். அதற்கென ஒரு கையேட்டையும் எழுதி 1916-இல் வெளியிட்டார். துணைக்கண்டத்தில் நூலகருக்கான முறையான பயிற்சி இந்த இரண்டு ஊர்களிலிருந்தே கிளைத்தது.

அன்றைய புதிய கருவி, உள்ளங்கை அளவுள்ள தடித்த காகித அட்டை. பேரேடு போலக் கட்டப்பட்ட பட்டியலில் புதிய நூலொன்றைச் சேர்க்க வேண்டுமானால் கடைசிப் பக்கத்துக்குத்தான் போகவேண்டும். அட்டையையோ எந்த இடத்திலும் செருகலாம். இந்த எளிய வசதிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: எது எதற்கு முன்னால் வரும் என்ற வரிசை ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த வரிசை 26 எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. குஜராத்தியும் மராத்தியும் புழங்கிய பரோடாவிலும், உருதும் பாரசீகமும் குர்முகியும் புழங்கிய லாகூரிலும், வலமிருந்து இடமாக எழுதப்படும் அட்டை எந்த இழுப்பறையில், எந்த அட்டைக்குப் பின்னால் நிற்கும்? எழுத்துக்கு ஓர் இழுப்பறை என்று பிரிப்பதே பெரும்பாலான நூலகங்களின் நடைமுறைத் தீர்வாயிற்று. ஆங்கில அட்டைகள் தட்டச்சுப் பொறியில் ஏறின. இந்திய மொழி அட்டைகள் நெடுங்காலம் கையெழுத்திலேயே தொடர்ந்தன.

பகுப்புமுறையிலும் இதே சாய்வு இருந்தது. டியூயியின் பதின்மப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழு எண்ணே உரியது. செருமானிய, பிரெஞ்சு, இத்தாலிய இலக்கியங்களுக்கும் தனித்தனிப் பத்துகள் உண்டு. இந்திய மொழி இலக்கியங்களோ 890 என்ற கடைசிப் பத்துக்குள் அடைக்கப்பட்டன. தமிழ் இலக்கியம் அதற்குள் 894.811 என்ற ஆறிலக்க எண்ணைப் பெற்றது. ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களைக் கொண்ட நூலகத்தில், நூலின் முதுகில் ஒட்டும் சிறு சீட்டில், அந்த ஆறு இலக்கங்களும் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டாக வேண்டும்.

2. கணித ஆசிரியர் கற்ற பாடம்

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சீர்காழி இராமாமிருத ரங்கநாதன் பொறுப்பேற்றார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவருக்கு நூலகப் பணி முன்பின் அறியாத ஒன்று. தொடக்கத்தில் அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட எண்ணினார். அதே ஆண்டில் பல்கலைக்கழகம் அவரை இலண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே பெர்விக் சேயர்சிடம் பகுப்புமுறை கற்றார். பல நூலகங்களை நேரில் பார்த்தார். இலண்டன் கடையொன்றில் கண்ட 'மெக்கானோ' என்ற விளையாட்டுப் பொருள் அவருக்கு ஒரு வழியைக் காட்டியது. சில பட்டைகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாகப் பூட்டி எந்த வடிவத்தையும் ஆக்கலாம் என்றால், சில அடிப்படைக் கூறுகளைச் சேர்த்து எந்தப் பொருளுக்கும் பகுப்பெண் ஆக்கலாம் அல்லவா? 1933-இல் வெளியான கோலன் பகுப்புமுறை அந்த எண்ணத்தின் விளைவு.

அம்முறையின் ஒரு நுணுக்கம் இங்கு முக்கியமானது. இலக்கிய நூலுக்கு எண் இடும்போது மொழி, இலக்கிய வகை, ஆசிரியர் என்ற கூறுகள் அடுத்தடுத்து வரும். மொழிக்கு ஒரு குறியெண். ஆசிரியரைக் குறிக்க, அவர் பெயரின் எழுத்துகளை எடுக்காமல் பிறந்த ஆண்டை எடுத்தார் ரங்கநாதன். ஷேக்ஸ்பியருக்கு 1564 என்ற ஆண்டே அடையாளமாகும். மேலைநாட்டு முறைகளில் ஆசிரியர் குறி ரோமன் எழுத்தில் அவர் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே வங்காளப் பெயரை மூவர் மூன்று விதமாக ரோமனில் எழுதும் நாட்டில், அந்த ஆசிரியரின் நூல்கள் அலமாரியில் மூன்று இடங்களுக்குச் சிதறும். பிறந்த ஆண்டுக்கு எழுத்துப் பிழை நேராது. எழுத்துக்கும் அலமாரிக்கும் இடையிலிருந்த முடிச்சை எண்ணைக் கொண்டு அவிழ்த்தவர் அவர். புதிய கருவியைக் கற்கப்போன நூலகர் கருவியையே மாற்றிக்கொண்டு திரும்பிய நிகழ்ச்சி அது.

3. ரோமன் எழுத்து என்ற உடன்படிக்கை

விடுதலைக்குப் பின் கல்கத்தாவின் இம்பீரியல் நூலகம் தேசிய நூலகமாயிற்று. 1954-இன் நூல் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் அங்கு அனுப்புமாறு பணித்தது. வந்து குவிந்த நூல்களைத் திரட்டி இந்திய தேசிய நூல்விவரப் பட்டியல் 1958 முதல் வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலம் உட்பட 14 மொழி நூல்களும் அதில் ஒரே வரிசையில் நின்றன. அதற்காக எல்லாப் பதிவுகளும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் குறிகள் இட்டு எழுதப்பட்டன.

அந்த முடிவுக்கு வலுவான காரணம் இருந்தது. பல எழுத்து முறைகள் கொண்ட நாட்டுக்கு ஒரே பட்டியல் வேண்டுமென்றால் ஒரு பொது எழுத்து தேவை. குறிகளோடு கூடிய ரோமன் எழுத்து, ஒலி வேறுபாடுகளைப் பெரும்பாலும் காப்பாற்றியது. தமிழின் லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் அடியில் புள்ளியோ கோடோ பெற்றும் பெறாமலும் தெளிவாகப் பிரிந்தன. ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. தம் மொழி நூலைத் தேடும் வாசகர் தம் எழுத்தை விட்டு வேறோர் எழுத்தின் நுண்குறிகளைக் கற்றாக வேண்டும். அந்த விலையை இடையில் நின்று செலுத்தியவர் நூலகர். வாசகர் வாயால் சொன்ன பெயரை அவர் மனத்துக்குள் ரோமனாக்கி இழுப்பறையைத் திறந்தார். கணினி வந்தபோது அந்த இடைநிலை மனிதர் விலக்கப்பட்டார். விலை மட்டும் எஞ்சியது.

4. குறிகள் உதிர்ந்த கணினிகள்

1977-இல் தொடங்கப்பட்ட 'நிசாட்' என்ற நடுவணரசுத் திட்டம், நூலகர்களுக்குக் குறுகியகாலக் கணினிப் பயிற்சிகளை நடத்தியது. யுனெஸ்கோ உருவாக்கிய 'சி.டி.எஸ்./ஐசிஸ்' என்ற தரவுத்தள மென்பொருளின் சிறுகணினிப் பதிப்பு 1985-இன் இறுதியில் வெளிவந்தது. நிசாட் வழியாக அது இந்திய நூலகங்களில் பரவியது. தில்லியில் டெல்நெட், கல்கத்தாவில் காலிப்நெட், அகமதாபாத்தில் அடிநெட் என நகர்தோறும் நூலக வலைப்பின்னல்கள் தோன்றின. நூலக அறிவியலை அட்டையில் படித்துப் பட்டம் பெற்றிருந்த ஒரு தலைமுறை, நடுவயதில் கட்டளை வரிகளையும் புல எண்களையும் மனப்பாடம் செய்தது. அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அக்காலக் கணினியின் அடிப்படை எழுத்துத் தொகுதியில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே இடமிருந்தது. தேசியப் பட்டியல் பாடுபட்டுக் காத்த மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் உதிர்ந்தன. தமிழில் வாழை, வாளை, வாலை, வலை, வளை ஆகிய ஐந்தும் ஐந்து சொற்கள். குறிகள் நீங்கிய ரோமனில் ஐந்தும் ஒரே சொல்லாகிவிடும். இந்தியில் பருப்பைக் குறிக்கும் 'தால்', கிளையைக் குறிக்கும் 'டால்' என்ற இரண்டும் அவ்வாறே ஒன்றாகும். ழகரத்துக்கு ஒருவர் ஓர் ஆங்கில எழுத்தும் மற்றவர் ஈரெழுத்துகளும் இட்டதால், ஒரு நூலே இரு வேறு நூல்களாகவும் தோன்றியது. இப்படி ஒன்றாகியவையும் இரண்டாகியவையும் அப்படியே ஒன்றியப் பட்டியல்களுக்குள் சென்று கலந்தன.

இதற்கு மாற்று உருவாகாமல் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த 'ஜிஸ்ட்' அட்டையைக் கணினியில் செருகினால், டாஸ் திரையில் இந்திய எழுத்துகள் தோன்றின. அதற்கு அடிப்படையான 'இஸ்கி' குறியேற்றம் 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான ஒரே அட்டவணை அது. தேவநாகரியின் ககரமும் தமிழின் ககரமும் ஒரே எண்ணைப் பெற்றன. கருத்து அழகானது. ஆனால் தமிழ் ஒரே ககரத்தால் பல ஒலிகளைக் குறிக்கும் மொழி. தமிழில் பதிந்த 'கங்கை'யைத் தேவநாகரியில் காட்டச் சொன்னால், இந்தி வாசகர் அறிந்த கங்கை அங்கே ஓடாது.

வரிசைச் சிக்கலும் கூடவே வந்தது. தமிழ் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன ஆகியவை இறுதியில் நிற்பவை. பொது அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. இந்த அமைப்பு பின்னர் யூனிகோடுக்கும் சென்றது. எண் வரிசைப்படியே அடுக்கும் மென்பொருள், தமிழ் அகராதி அறியாத ஒரு வரிசையில் நூற்பெயர்களை நிறுத்தும். இழுப்பறையில் அட்டையைச் சரியான இடத்தில் செருகத் தெரிந்திருந்த பட்டியலாளர் இதை உடனே கண்டுகொள்வார். பொத்தான்களை மட்டும் கற்றவர் கண்டுகொள்ளமாட்டார்.

5. ஒரே தோற்றம், இரண்டு சொற்கள்

பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 1991-இல் தொடங்கிய 'இன்ஃப்லிப்நெட்' திட்டம், 1996-இல் தன்னாட்சி மையமாயிற்று. அது உருவாக்கிய 'சோல்' என்ற நூலக மேலாண்மை மென்பொருளின் இரண்டாம் பதிப்பு 2009-இல் யூனிகோடு வசதியோடு வந்தது. நியூசிலாந்தின் ஒரு வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் இயங்கத் தொடங்கிய 'கோஹா' என்ற கட்டற்ற மென்பொருளும் இந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், வேரூன்றியது. நூற்பெயரை அதன் சொந்த எழுத்திலேயே பதியவும் தேடவும் ஒருவழியாக வாய்ப்புக் கிட்டியது.

யூனிகோடு வந்ததும் சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மலையாளத்தில் உயிரேறாமல் நிற்கும் சில மெய்களுக்குச் 'சில்லு' எழுத்துகள் என்று பெயர். தொடக்கத்தில் அவற்றை, மெய்யும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. 2008-இன் யூனிகோடு 5.1 பதிப்பில் அவை தனி எழுத்துகளாயின. அதற்கு முன் பதிந்த 'அவன்' என்ற மலையாளச் சொல்லும் பின் பதிந்ததும் திரையில் ஒன்றே, தேடலில் இரண்டு. வங்காளத்தின் 'கண்ட த' என்ற எழுத்துக்கும் 2005-இல் இதே கதை நேர்ந்தது. தமிழில் 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்தை இரண்டு வகையாகத் தட்டலாம். அந்த எழுத்தில் தொடங்கும் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

இவற்றையெல்லாம் சரிசெய்ய வழிகள் உண்டு. மார்க் 21 பதிவமைப்பில் 880 என்ற புலம், ஒரே விவரத்தை வேறோர் எழுத்திலும் தருவதற்காகவே இருக்கிறது. கோஹாவின் தேடுபொறியில் இந்திய எழுத்துகளுக்கு ஏற்ற அமைப்பை நிறுவும்போதே தேர்ந்துகொள்ளலாம். ஒரே தோற்றமுள்ள இரு வடிவங்களை ஒன்றாகக் கொள்ளுமாறு விதி எழுதலாம். ஆனால் அப்படி ஒரு விதி தேவை என்பதே எவருக்குத் தெரியும்? மென்பொருளாளருக்கு மொழி தெரியாது; மொழித்துறைப் பேராசிரியர் பட்டியலின் உள்ளே பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே மேசையில் காண்பவர் நூலகர் ஒருவரே. சில நாள் பயிற்சி முகாம்களிலோ நூல் வழங்கல், திரும்பப் பெறல், அறிக்கை எடுத்தல் ஆகியவற்றுக்கே நேரம் சரியாகிவிடுகிறது. பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றும் பணி பல இடங்களில் ஒப்பந்தக்காரர்களிடம் பதிவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு விடப்பட்டது. அந்தக் கணக்கில் விரைவுக்கு விலை உண்டு, ஔகாரத்துக்கு இல்லை.

6. தேடப்படாத ஆய்வேடுகள்

இதன் விளைவை அண்மைக்கால மின்னூலகங்களில் தெளிவாகக் காணலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு நடந்த இந்திய மின்னூலகத் திட்டம், இலட்சக்கணக்கான நூல்களை வருடியது. இந்திய மொழி நூல்களின் பெயர்கள் அதில் எந்த ஒரு முறைக்கும் கட்டுப்படாத ரோமன் எழுத்தில், பிழைகளோடு பதியப்பட்டன. அரிய நூலொன்றைத் தேடுபவர் அதன் பெயர் எப்படியெல்லாம் சிதைந்திருக்கக்கூடும் என்று ஊகித்துத் தேடவேண்டியதாயிற்று.

ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கிய 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளைத் தொடர்ந்து, 'சோத்கங்கா' களஞ்சியம் உருவானது. ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தது. இந்தி ஆய்வேடு 'குருதி தேவ்' எழுத்துருவிலும், தமிழ் ஆய்வேடு 'பாமினி' எழுத்துருவிலும் தட்டச்சாகியிருந்தால், அச்சில் அது குறையற்ற இந்தியும் தமிழுமே. கோப்புக்குள் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துச் சரம். முழுப்பாடத் தேடல் அதனுள் நுழைய முடியாது. அப்படிப்பட்ட ஆய்வேட்டுக்கு நூலகர் தட்டச்சு செய்யும் தலைப்பும் திறவுச்சொற்களுமே ஒரே வாயில். அவையும் பிழைபட்டால், ஒருவர் பல ஆண்டு உழைத்து எழுதியது எவர் தேடலிலும் அகப்படாது.

கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி 2018-இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட தேசிய மின்னூலகம், பல களஞ்சியங்களின் விவரப் பதிவுகளை ஒரே சாளரத்தில் திரட்டித் தருகிறது. மூலப் பதிவு செம்மையாக இருந்தால் அதன் நன்மை நாடு முழுதும் பரவும். பிழையாக இருந்தால் பிழையும் அவ்வாறே பரவும். ஒரு சிற்றூர்க் கல்லூரி நூலகரின் விசைப்பலகைக்கு இத்தனை நீளமான நிழல் முன்பு எக்காலத்திலும் இருந்ததில்லை.

இப்போது அச்சுப் பக்கத்தைப் படித்து எழுத்தாக்கும் கருவிகளும், நூல் விவரங்களைத் தாமே எழுதித்தரும் கருவிகளும் நூலக மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இவற்றையும் நூலகர்கள் கற்பார்கள். இதற்கு முந்தையவற்றைக் கற்றவர்கள்தாமே. அந்தப் பயிற்சிகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதோடு மூன்று பாடங்களும் இடம்பெற வேண்டும். நூற்பெயர் அதன் சொந்த எழுத்தில் முதலில் பதியப்பட வேண்டும். ரோமன் வடிவம் தேவையானால், நூலகம் முழுதும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். பதிவை முடித்தபின், ஒரு வாசகர் எப்படியெல்லாம் தட்டக்கூடுமோ அப்படியெல்லாம் தட்டித் தேடிப் பார்க்க வேண்டும். மூன்றாவது பாடத்துக்கு ஒரு நூலுக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களைப் பணிநேரமாகக் கணக்கில் கொள்ளும் நிர்வாகம் அமைந்தால், ஔவையார் நூலகத்தில் இருப்பது வாசகருக்கும் தெரியவரும்.